சாங்ஷன்

'இம்போஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

காலையில் அது கண்ணில் படவே இல்லை. புருஷன் வேலை பார்க்கும் கப்பலின் பெயர் ஆங்கிலப் பேப்பரில் வந்திருந்தது. பக்கத்திலேயே 'சாங்ஷன்' என்றும் இருந்தது.

அது போதாதா?

தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அவள் கிளார்க். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அங்கே புழங்கும் சொல் அது. லீவு சாங்ஷன். இன்கிரிமென்ட் சாங்ஷன். சாங்ஷன் ஆகிவிட்டால் யாரும் அழமாட்டார்கள். எல்லாருக்கும் டீ வாங்கித் தருவார்கள்.

கப்பல் நாற்பத்தோரு நாளாக ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே, உள்ளே வர அனுமதி கிடைக்காமல் நங்கூரம் போட்டு நிற்கிறது. எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் சண்டை என்று அவனுக்கே தெரியாது. எஞ்சின் ரூமில் எண்ணெய் போடுகிறவனைக் கூப்பிட்டு யார் விளக்கம் சொல்லப் போகிறார்கள்?

அதனால்தான் அவள் படிக்க ஆரம்பித்தாள். தினமும் வெளிநாட்டுச் செய்திப் பக்கம். தினமும் ஐந்து சொற்கள்.

'என்வாய்' என்றால் தூதர். 'டெட்லாக்' என்றால் முட்டுக்கட்டை. இரண்டு மந்திரிகள் 'ஃப்ராங்க்' ஆக, அதாவது மனம் திறந்து, பேசினார்கள் என்று போட்டிருந்தால் நன்றாகச் சண்டை பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது அகராதியில் இல்லை. மறுநாள் செய்தியைப் பார்த்து அவளாகவே கண்டுபிடித்தது. பெரிய மனுஷர்கள் பேச்சு அப்படித்தான்.

காலையிலேயே மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள். கப்பலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, இனி கரைக்கு வந்துவிடுவார் என்று. மாமியார் அப்போதே மெழுகுதிரி வாங்கிக்கொண்டு மாதா கோவிலுக்குக் கிளம்பிவிட்டாள். போகிற வழியில் பாதித் தெருவுக்குச் சொல்லியிருப்பாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்றைய சொற்களை நோட்டில் எழுத உட்கார்ந்தாள். அப்போதுதான் சாங்ஷனை ஒட்டி இந்த 'இம்போஸ்ட்'.

போன வாரம் படித்த சொல். விதித்தல்.

அபராதம் விதிப்பார்கள். ஊரடங்கு விதிப்பார்கள்.

அனுமதியை யாராவது விதிப்பார்களா?

பள்ளி லைப்ரரிக்கு ஓடிப்போய்ப் பெரிய அகராதியை எடுத்தாள்.  அவசரத்தில் பக்கங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து புரண்டன.

சாங்ஷன். ஒன்று, அனுமதி.

இரண்டு, தண்டனையாகப் போடும் தடை.

ஒரே சொல். அதே எழுத்துகள். பாவிகளுக்கு வேறு சொல்லா கிடைக்கவில்லை.

செய்தியை முதலிலிருந்து படித்தாள். இப்போது எல்லாமே புரிந்தது. புரியாமலே இருந்து தொலைத்திருக்கலாம். அந்தக் கப்பலை எந்தத் துறைமுகமும் சேர்க்கக் கூடாது. எண்ணெய், சாப்பாட்டுச் சாமான், தண்ணீர், எதையும் யாரும் விற்கக் கூடாது. மீறினால் விற்றவனுக்கும் அதே கதி.

கப்பலில் இருக்கும் ஆட்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடைசிவரை தேடிப் பார்த்தாள்.

போன் அடித்தது.

அவன்தான். வாரத்துக்கு ஒரு தடவை சிக்னல் கிடைத்தாலே பெரிய விஷயம். இன்றைக்குக் கிடைத்திருக்கிறது.

"ஏ பிள்ள, கேட்டியா? நம்ம கப்பலுக்குச் சாங்ஷன் ஆயிட்டாம்லா. கேப்டன் போன்ல பேசும்போது நம்ம சமையக்கார சலேத்து கேட்டுருக்கான்." அவன் சிரித்தான். எத்தனை நாளாயிற்று அவன் சிரித்து. "இத்தன நாளு ஆளுக்கு ஒரு வாளி தண்ணின்னு அளந்து குடுத்தானுவ. இன்னைக்குத்தான் எல்லாவனும் ஆச தீரக் குளிச்சோம். துணியெல்லாம் தொவச்சுப் போட்டாச்சு. ஒரே கூத்தா கெடக்கு. என்னைக்கு எறங்கலாம்னு பேப்பர்ல போட்டுருக்கா?"

 பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும்.

ஒரு நாள் என்றால் எத்தனை வாளி?

"ஏங்க," என்றாள். "மிச்சத் தண்ணி எத்தன நாளைக்கு வரும்?"

சிரிப்பு நின்றது.

 அவனுக்குப் பின்னால் யாரோ பாடிக்கொண்டே குளிக்கிற சத்தம் கேட்டது.