மிஸ் கை வைத்த டப்பா

ஜன்னல் வழியாகப் பார்த்த டாக்டரம்மாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

ரெண்டாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டு நேரம். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வகுப்பு மிஸ், பக்கத்திலிருந்த சிட்டுவின் டப்பாவில் கையை விட்டு ஒரு பீட்ரூட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு கை முளைப்பயறு.

மகள் சிட்டு மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கத்தான் வந்திருந்தாள் டாக்டரம்மா. அதைக் காவலாளியிடம் நீட்டிவிட்டு விறுவிறுவென்று திரும்பினாள்.

அவள் பல் டாக்டர். பிஸ்கட், மிட்டாய், பாக்கெட்டில் அடைத்து வரும் எதுவும் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. மகளுக்கு வேகவைத்த காய், முளைப்பயறு, பேருக்கு உப்பு. பத்தே நிமிஷத்தில் டப்பா ரெடி. சாயங்காலம் அது கழுவி வைத்ததுபோல் காலியாக வரும்.

"எங்க வீட்டுப் பிள்ளை காயைக் கண்ணால பார்த்தாலே ஓடுது. நீங்க என்ன டாக்டர் மந்திரம் போடறீங்க?" என்று மற்ற அம்மாக்கள் போன் குழுவில் கேட்பார்கள். இவளும் படம் எடுத்துப் போட்டு யோசனை சொல்லிச் சொல்லி, 'டப்பா டாக்டர்' என்று பேரே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சிட்டுவை நிறுத்திக் கேட்டாள்.

"மிஸ் தினமும் உன் டப்பாவுலேர்ந்து எடுப்பாங்களா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு?"

"பாதி. ஆனா அது என்னன்னா..."

"எனக்கு எல்லாம் தெரியும். நீ பேசாம இரு."

"பிள்ளை என்னமோ சொல்ல வருது. கேட்டுட்டுத்தான் குதியேன்" என்றார் கணவர்.

"கண்ணால பார்த்தேங்கறேன், இன்னும் என்ன கேக்கணும்? வேலியே பயிரை மேயுது, நீங்க வேற!"

மறுநாள் தலைமையாசிரியை அறையில் அவள் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

"குழந்தை சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னா அது எப்படிங்க உடம்புல ஒட்டும்? பார்த்துப் பார்த்துச் செஞ்சு அனுப்பறேன். என் பொண்ணுக்கு அதுன்னா உசுரு!"

மிஸ் சின்னப் பெண். அதுதான் முதல் வேலை.

"மேடம், சிட்டு வந்து..." என்று ஆரம்பித்தவள், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "சாரி மேடம். உங்க சமையல் ருசி அப்படி. கையை அடக்க முடியல. இனிமே தொட மாட்டேன்."

அவ்வளவு கோபத்திலும் டாக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. ஆனாலும் விடவில்லை. 'உங்க பிள்ளைங்க டப்பாவையும் கவனிங்க' என்று குழுவில் ஒரு வரி போட்டாள். அது போதாதா? அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்குப் படையெடுத்தார்கள்.

வாரக் கடைசியில் குழுவில் செய்தி வந்தது. "அந்த மிஸ் வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்களாம். நல்ல வேளை, நீங்க சொன்னீங்க டாக்டர்!"

அந்த வாரம் முழுக்க சிட்டுவின் டப்பா, போனபடியே திரும்பி வந்தது. டாக்டரம்மா கத்திப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போனதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை காலை டப்பாவை நிரப்பும்போதே சிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாத்தானேடி சாப்பிட்டுக்கிட்டு இருந்தே? இப்ப என்ன வந்துச்சு?"

"இப்பதான் மிஸ் இல்லையே."

"மிஸ்ஸுக்கும் உன் சாப்பாட்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

"மிஸ் ஒரு வாய் சாப்பிட்டா நான் ஒரு வாய் சாப்பிடணும். அதான் பந்தயம்." சிட்டு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முன்னாடியெல்லாம் நான் குப்பைத்தொட்டியில கொட்டிடுவேன். ஒருநாள் மிஸ் பார்த்துட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அடிப்பாங்கன்னு அழுதேன். சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டு பேருமா காலி பண்ணிடலாம்னாங்க."

டாக்டரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிள்ளையை அன்றைக்குப் பேச விட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அதற்குள் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. பல் கூசினால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும். இப்போது மனசு கூசியது.

மிஸ்ஸின் நம்பரைத் தேடிப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்றும் தெரியவில்லை.

"சரி, இங்கே வா" என்று மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "இனிமே அம்மா உன்கூட உட்கார்ந்து சாப்பிடறேன். உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். சரியா?"

டப்பாவிலிருந்து ஒரு பீட்ரூட் துண்டை எடுத்து வாயில் போட்டாள். கிளினிக்கில் அவளுக்கு மதியம் பக்கத்துக் கடைப் பார்சல்தான். இந்த டப்பாவுக்குள் போனதில் ஒன்றைக்கூட அவள் இதுவரை ருசி பார்த்ததில்லை.

மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். தொண்டைக்குள் இறங்குவேனா என்றது.

சிட்டு அம்மாவைப் பாவமாகப் பார்த்தாள்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கிடும்மா. மிஸ் தினமும் அப்படித்தான் முழுங்குவாங்க."