எலுமிச்சையும் தூள் உப்பும்

“எத்தனை நாளா இப்படித் தேய்க்கிறீங்க?” என்று கேட்டார் செங்கல்பட்டு பல் டாக்டர் சம்சாத் பேகம்.

“ஒரு மாசமா மேடம். எலுமிச்சம்பழச் சாறுல தூள் உப்பைக் குழைச்சு, தினம் ரெண்டு வேளை” என்றார் சுப்புராமன்.

“பல்லுல கல்லா இறுகிப்போன காரை அதுக்கெல்லாம் அசையாது சார். மிஷின் வெச்சுத்தான் எடுக்கணும். தேய்ஞ்சது உங்க பல்லுதான். அணுபுரத்து சயின்டிஸ்ட், நீங்களே இப்படிப் பண்ணலாமா? யார் சொன்னா?”

“வாரப் பத்திரிகைல மேடம். வாசகியர் குறிப்புன்னு போட்டு, முதல் பரிசும் கொடுத்திருந்தாங்க.”

“அதானே பார்த்தேன்! அதைப் படிச்சுட்டு வந்தவங்கள்ல நீங்க நாலாவது ஆள்.” டாக்டர் மிஷினை அவர் வாய்க்குள் விட்டார். “எழுதின அந்தம்மா மட்டும் என் கையில கிடைக்கட்டும். பேர் என்ன போட்டிருந்தது?”

வாய் நிறைய மிஷின் இருந்தது சுப்புராமனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்தது. பரிசுக் குக்கருக்கு ஆசைப்பட்டு, பெண்கள் எழுதினால்தான் போடுவார்கள் என்று மனைவி பிரபாவதியின் பெயரில், வாய்க்கு வந்ததை எழுதி அனுப்பியவரே அவர்தான்.

எழுதியபோது அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. அச்சில் பார்த்த பிறகுதான் வந்தது.