பாதி மூடிய கண்

"அண்ணனுக்குத் தெரியவே கூடாது. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாலும் எது பழசு, எது புதுசுன்னு கண்டுபிடிக்க முடியாதபடி செஞ்சு கொடுங்க."

வந்தவர் மேஜைமேல் ஒரு மடக்குக் கத்தியை வைத்தார். எலும்புப் பிடி. நூறு வயசாவது இருக்கும்.

கத்திக்காரர் விரித்துப் பார்த்தார். அலகில் ஒரு கண் பொறித்திருந்தது. தேய்ந்து தேய்ந்து, பாதி மூடியதுபோல் ஆகியிருந்தது. கீழே ஒரு வரி எழுத்து, படிக்க முடியாத அளவுக்கு மங்கியிருந்தது.

"அப்பாவோடதா?"

"தாத்தாவோடது. அப்பா போன மாசம் தவறிட்டார். கத்தி யாருக்குன்னு சொல்லாமப் போயிட்டார். அதனால ஒரு மாசமா எனக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல."

கத்திக்காரருக்குப் புரிந்துவிட்டது. நகலை அண்ணன் தலையில் கட்டிவிட்டு அசலை அமுக்கிக்கொள்ளப் பார்க்கிறார் தம்பிக்காரர். இப்படி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று.

"கண்ணை எப்படிப் பொறிக்கட்டும்? புதுசுல இருந்த மாதிரி நல்லாத் திறந்தா, இல்ல இப்ப இருக்கிற மாதிரியா?"

"இப்ப இருக்கிற மாதிரியே."

"எழுத்து?"

"அழிஞ்சது அழிஞ்ச மாதிரியே இருக்கட்டும்."

எழுந்து போனவர் வாசலில் நின்றார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பிடியை மட்டும் பிரிச்சுடாதீங்க. பிரிக்கிறவங்களுக்கு ஆகாதுன்னு தாத்தா காலத்துலேருந்து ஒரு பேச்சு."

"பிரிச்சா என்ன ஆகுமாம்?"

"தெரியல. யாரும் பிரிச்சதில்லையே."

மத்தியானம் சாப்பிடும்போது கத்திக்காரர் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "கூடப் பொறந்தவனையே ஏமாத்தக் கிளம்பிட்டான் பாரு. அப்பன் போய் ஒரு மாசம்தான் ஆகுது. காலம் அவ்வளவு கெட்டுக் கிடக்கு."

"அப்புறம் நீங்க ஏன் செஞ்சு கொடுக்குறீங்க?"

"தொழில்னு வந்துட்டா அதெல்லாம் பார்க்க முடியுமா?"

மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. அவருடைய நியாயமெல்லாம் சாப்பாட்டு வேளையோடு சரி என்பது அவளுக்குத் தெரியும்.

அலகைச் செதுக்கித் தீட்டி, மெழுகு பூசி, ஊசியால் கண்ணை வரைய உட்கார்ந்தார். பழைய கண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் அது பட்டது. கண்ணின் கடைக்கோடியில் கோடு லேசாகத் தயங்கியிருந்தது. தன் மனசிலிருந்து வரைகிற கை அந்த இடத்தில் தயங்காது. இன்னொன்றைப் பார்த்துப் பார்த்து வரைகிற கைதான் தயங்கும். தன் ஊசியைப் பார்த்தார். அதுவும் அதே இடத்தில்தான் நின்றிருந்தது.

பட்டப்பகல், பட்டறையில் வேறு யாருமில்லை. ஆனாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு பழைய கத்தியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வேலை பார்த்தார்.

பயம் ஒரு பக்கம் இருக்க, நாள் ஆக ஆக அந்தக் கத்தியைக் கையிலிருந்து இறக்கவே மனசு வரவில்லை. மடக்கினால் 'டக்'கென்று ஒரு சத்தம். அதைக் கேட்கவே மடக்கி மடக்கித் திறந்தார். இப்படி ஒன்று தன் கைக்கு இனி வரப்போவதில்லை என்று தோன்றியது.

நாலாம் நாள் மனைவி பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். அமிலத்தில் முக்கிக் கழுவிய புது அலகுகள் துணிமேல் காய்ந்துகொண்டிருந்தன.

"ஒண்ணுதானே கேட்டாங்க? ரெண்டு கண்ணு முறைக்குதே."

"ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா?"

"ரெண்டும் நல்லாத்தானே இருக்கு." அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சொன்ன நாளில் தம்பிக்காரர் வந்தார். மேஜைமேல் இரண்டு கத்திகள் இருந்தன. எடுத்தார், திறந்தார், மடக்கினார். இரண்டும் ஒரே சத்தம்.

"இதுல பழசு எது?"

கத்திக்காரர் வாய் கூசாமல் இடது பக்கத்துக் கத்தியைத் தொட்டார். "இதுதான்."

"நீங்க சொல்லலேன்னா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்." தம்பிக்காரர் அதை எடுத்துக் கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றினார். "இது அண்ணனுக்கு."

"அண்ணனுக்கா? பழசையா?"

"ஆமா. அப்பாவைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கிட்டது அவர்தானே. நீ வெச்சுக்கோ, நீ வெச்சுக்கோன்னுதான் எங்களுக்குள்ள சண்டையே. இப்ப, அசல் என்கிட்ட இருக்கு, இது வெறும் நகல்தான்னு சொல்லிக் கொடுத்துடுவேன். அப்பத்தான் வாங்கிப்பார்."

மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி படியிறங்கினார்.

கத்திக்காரருக்கு வார்த்தை தொண்டைவரை வந்தது. கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். 'தம்பி, ஒரு நிமிஷம்' என்றால் போதும், நின்றுவிடுவார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கை என்னவோ மேஜை இழுப்பறையின் பிடியை விடவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இழுப்பறையிலிருந்து அந்த அசல் கத்தியை எடுத்தார். இனி இது தன்னுடையது. இதைச் செய்தவன் உள்ளே எப்படிச் செய்திருக்கிறான் என்று பார்க்க யாரைக் கேட்க வேண்டும்? பிடியின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். எலும்புத் தகடு கழன்று வந்தது.

உட்புறத்தில் பொடி எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. காற்றே படாத எழுத்து. நேற்று எழுதியதுபோல் பளிச்சென்று இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார்.

"நீயும் இரண்டு செய்தாயா? நானும் இரண்டு செய்தேன். அதில் ஒன்றுதான் இது."