லீற்றருக்கு இருபது

கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே, ஒரு காரின் கதை சொல்கிறேன். உலை கொதிக்குமுன் முடிந்துவிடும்.

ஆனையிறவு தாண்டும்போது மீற்றர் பத்தொன்பது புள்ளி மூன்று காட்டியது.

லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று கார் தானே சொல்லும் கணக்கு அது.

காரை ஓட்டியவர் இன்னும் மெதுவாக மிதித்தார். மிதிக்கிறாரா, சும்மா காலை வைத்திருக்கிறாரா என்று பெடலுக்கே தெரிந்திராது.

பெற்றோலும் பற்றரியும் மாறி மாறி இழுக்கிற கார். யப்பானில் ஒருவர், கொழும்பில் ஒருவர் ஓடிக் களைத்தது. நாலு நாள் ஓடிப் பார்க்கத் தந்திருந்தார்கள். நாளை காலை காரின் சொந்தக்காரர் வருவார். காசோடு போவார், இல்லாவிட்டால் காரோடு போவார்.

முடிவு பக்கத்தில் இருந்த மனைவியின் கையில். இடமாற்றம் வந்தது அவளுக்குத்தான். கைதடியிலிருந்து பரந்தன் பள்ளிக்கூடம், போய்வர நூறு கிலோமீற்றர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். பஸ்ஸில் நின்றே போய், நின்றே வருவாள். வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் இரவுச் சாப்பாடு வரைக்கும் காலில் கிடக்கும்.

அவர் வேலையை விட்டு வீட்டில் இருப்பவர். கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர அவருக்கு ஆசை.

அவள் கொப்பித்தாளில் கணக்குப் போட்டாள்.

"லீற்றருக்கு இருபது ஓடினா வாங்குவம். ஒரு புள்ளி குறைஞ்சாலும் நான் பஸ்தான். என்ர சம்பளத்தை முழுக்கப் பெற்றோலா ஊத்தேலாது."

அவளுடைய தம்பி தவக்குமார் பொனற்றில் தட்டிச் சிரித்தான்.

"அத்தான், பற்றரி கிழவன். பெற்றோல் மிச்சம் பிடிக்கப் போய்ப் பற்றரிக்கு அழப்போறியள்."

இன்று காலை வெளிக்கிடும்போது அவர் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார்.

இப்போது பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் வழி. பளையில், பத்தொன்பதரை.

பின்னால் வந்த ஓட்டோக்காரன் முந்தும்போது தலையை வெளியே நீட்டினான்.

"ஐயா, இறங்கித் தள்ளிவிடட்டோ?"

வேறு நாளென்றால் துரத்திப் பிடித்திருப்பார். இன்று கையைக் காட்டிப் போகவிட்டார்.

சாவகச்சேரிச் சந்தையடியில் வாகனங்கள் நிரையாக நின்றன. கார் நின்றதும் என்ஜின் தானாக அடங்கியது. ஏசிக் குளிர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்த அமைதியில்தான் கேட்டது.

மெல்லிய குறட்டை.

மடியில் பாதி திருத்திய கொப்பிகள். விரலிடுக்கில் சிவப்புப் பேனை.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், பகலில் அவள் நித்திரை கொண்டு அவர் பார்த்ததில்லை.

கைதடிச் சந்தி. இருபது புள்ளி ஒன்று.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஒழுங்கைக்குள் திரும்பினார். வீட்டுப் படலை தெரிந்தது. இனி நிறுத்தித் தோளைத் தட்டி, மீற்றரைக் காட்டினால் போதும். மூன்று வருடத்துக்கு அவள் பஸ் ஏறவேண்டியதில்லை.

காலைத் தூக்கினார். கார் தளர்ந்தது.

அவள் இமை அசைந்தது.

அவர் மறுபடி மிதித்தார்.

படலை பின்னால் போயிற்று.

ஒழுங்கை முழுக்கக் குழி. பற்றரி இறங்கிவிட, என்ஜின் எழும்பிப் பெற்றோலைக் குடிக்கத் தொடங்கியது.

இருபது.

பத்தொன்பது புள்ளி எட்டு.

திரும்பலாம் என்று ஒருமுறை நினைத்தார். திரும்பினாலும் எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும், நிறுத்தினால் அவள் விழித்துவிடுவாள்.

கோப்பாய்ப் பக்கம் போகிற பாலத்தில் ஏறினார். இரண்டு பக்கமும் தண்ணீர். வெயிலில் கொக்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவர் மீற்றரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நாளை கார் போகும். திங்கட்கிழமை அவள் விடிய எழுந்து பஸ்ஸுக்கு நிற்பாள். இன்றைக்காவது நித்திரை கொள்ளட்டும்.

பாலம் முடியும் இடத்தில் அவள் கண் விழித்தாள்.

தண்ணீரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து மீற்றரைப் பார்த்தாள்.

பத்தொன்பது புள்ளி இரண்டு.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் கொப்பிகளை அடுக்கிப் பின் சீற்றில் வைத்தாள். தன் சீற்றைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள்.

"இன்னும் கொஞ்சத் தூரம் ஓடுங்கோப்பா."

போய் வாருங்கள் பிள்ளைகளே. கண்ணயர்ந்தவரை எழுப்ப மனம் வராத ஒருவர் உங்கள் வீட்டிலும் என்றென்றும் இருக்கட்டும்.