ஒன்பதாம் பக்கத்து மாடு

“மாடு விவாகரத்து கேட்கிறது.”

வூபோ சத்தமாக, துளி சந்தேகமும் இல்லாமல் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“வூபோ, மாடு புல் தின்கிறது. அவ்வளவுதான் போட்டிருக்கு,” என்றாள் ஆசிரியை ஹில்யே.

“முகத்தைப் பாருங்க டீச்சர். புல் தின்கிற மூஞ்சியா அது? வக்கீல் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரியில்ல நிக்குது!”

மற்ற நாலு பேரும் காப்பிக் கோப்பையோடு குலுங்கினார்கள்.

நெதர்லாந்தில், கிரோனிங்கன் நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் நூலகம் அது. அங்கே பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தி ஹில்யேவுக்குப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. பெரியவர்கள் ஏன் ஆரம்பப் பாடத்திலேயே தேங்கிப்போகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. முதல் எழுத்தைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், மிச்சத்தைச் சொந்தச் சரக்கால் நிரப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால், வீட்டில் வாசித்துக் காட்ட ஓர் ஆள் இருக்கும். வூபோவுக்கு இரண்டும் இருந்தன. உருளைக்கிழங்கு மாவு ஆலையில் முப்பத்தெட்டு வருடம் உழைத்த மனிதர், மூன்று வருடமாக இரண்டாம் புத்தகத்தைத் தாண்டவில்லை. அதிலும் இந்த ஒன்பதாம் பக்கத்தில் கூடாரமே அடித்துவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் அவரை மட்டும் நிறுத்திவைத்தாள். ஒரே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து டப்பாவை மூடினாள்.

“நேராவே சொல்லிடறேன். மூணு வருஷம் ஆச்சு. இந்த மாசத்தோட உங்க பேரை எடுத்துடச் சொல்றாங்க.”

வூபோவின் முகத்தில் இருந்த விளையாட்டு சட்டென்று காணாமல் போயிற்று.

“அய்யோ, எடுத்துடாதீங்க. இந்த வகுப்பு எனக்குக் கட்டாயம் வேணும் டீச்சர்.”

“வேணும்னா முன்னேறணும். வீட்ல பேப்பர் யார் வாசிக்கிறாங்க?”

“என் பெண்டாட்டி கேஸ்கெதான். நான் ரொட்டில சாக்லேட் துருவல் தூவறதுக்குள்ள முதல் பக்கத்தை முடிச்சுடுவா. முப்பது வருஷமா ஒருநாள் விட்டதில்ல.”

“பாருங்க, அதான் உங்க வியாதி! அவங்க வாசிக்கிறவரைக்கும் உங்க கண்ணு வேலைக்குப் போகாது.” நோயைக் கண்டுபிடித்துவிட்ட வைத்தியரைப் போல ஹில்யே நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒரே வழிதான் இருக்கு. வீட்டுத் துணைன்னு ஒரு ஏற்பாடு. அவங்களும் கூட வந்து உட்கார்ந்தா, இன்னும் ரெண்டு வருஷம் தருவாங்க. ஆனா ரெண்டு பேருமா முதல் புத்தகத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.”

“முதல் எழுத்திலிருந்தா?”

“முதல் எழுத்திலிருந்து.”

“வகுப்புன்னா அவ வாசல் தாண்ட மாட்டா. ரொம்ப ரோஷக்காரி.” வூபோ தாடையைச் சொறிந்தார். “ஆனா, உங்க புருஷன் சரியான மண்டு, நீங்க வந்தாத்தான் தேறுவார்னு நீங்களே போன் பண்ணிச் சொன்னா வருவா.”

ஹில்யே அங்கேயே போன் போட்டாள். மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“மண்டுன்னு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்? முப்பது வருஷமா நான்தானே கட்டி இழுக்கறேன்! வர்றேன். பக்கத்துல உட்கார்ந்து தலையில குட்டுறேன், பாருங்க.”

போனை வைத்துவிட்டு, ஹில்யே வெற்றிப் புன்னகையோடு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். எதிரே இருந்த வூபோ, தனக்குத் தலைகீழாகத் தெரிந்த அந்தத் தாளில் விரலை வைத்தார்.

“டீச்சர், நாலாவது வரில, ‘கற்றுக்கொள்பவர்’ங்கற இடத்துல என் பேரை எழுதிட்டீங்க, அடிச்சுட்டு கேஸ்கெ பேரைப் போடுங்க. போன குளிர்காலத்துலேர்ந்து நானே பேப்பரை முழுசா வாசிக்கிறேன். தினமும் காலைல அவ எனக்கு வாசிச்சுக் காட்டற செய்தி ஒண்ணுகூட அதுல இல்ல.”