வளைவில் ஒரு முழம்

காலை வெயில் தெருவின் வளைவில் பாதிவரைதான் வந்திருக்கிறது. பந்தய அதிகாரி சாலையின் குறுக்கே டேப்பை இழுத்துப் பிடித்து உதட்டைப் பிதுக்குகிறார். "இப்ப வர்ற காரெல்லாம் அகலம் ஜாஸ்திம்மா. இங்க ஒரு முழம் குறையுது. அடுத்த வருஷம் பந்தயம் ஊருக்கு வெளியே, புது டிராக்லதான்." வளைவில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து, பழைய பந்தயங்களில் டயர் உரசி ஓரம் கறுத்துப்போன தன் கடைப்படியை அளக்கிறாள். "படியே ஒண்ணரை முழம் ரோட்டுக்குள்ள நீட்டிட்டு இருக்கு சார். இடிச்சிடுங்க." "அப்புறம் கடைக்குள்ள எப்படி ஏறுவீங்க?" "தாவித்தான் ஏறணும். எனக்கும் ஒரு பந்தயம் வேணாமா?" அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, நோட்டில் குறித்திருந்த அகலத்தை ரப்பரால் அழிக்கிறார். மறுபடி அளக்க, தன் டேப்பின் நுனியை அவளிடம் நீட்டுகிறார். அவள் அதைப் படியில் வைக்காமல், கடைச்சுவரில் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறாள்.