வாசலில் நின்ற மாப்பிள்ளை

"மடமடன்னு உள்ள போயி உக்காரக் கூடாதுங்க. இங்கன வாசல்லயே நிப்போம். அவங்களா வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றான் ஜாய்சன்.

நார்வேயின் பெர்கன் நகரத்தில் ஆறு வருஷமாகக் கப்பல் பட்டறை இன்ஜினியர். கல்யாணம் பேச ஊருக்கு வந்திருந்தான். இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு ஜெஸ்லினை இன்று மத்தியானம் இந்த மீன் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்து வந்திருக்கிறான். போட்டோவிலேயே விழுந்துவிட்டவன், இன்று அவளிடம் சம்மதம் வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்றிருந்தான்.

"இந்தக் கடையா?" ஜெஸ்லின் தயங்கினாள்.

"ஏன், நல்ல கடைதான? நாம நாகரிகமா நடந்துகிட்டா, தன்னால மரியாதை வரும். பாருங்க."

வந்தது. முதலாளி ராஜபாண்டி கல்லாவை விட்டு எழுந்து ஓடிவந்தார். ஃபேனுக்கு அடியில் தனி மேஜை. அதையும் மூன்று தடவை துடைத்தார்கள். பரிமாற வந்தவர்கள் தலையில் தொப்பி, கையில் கையுறை. சுவரில் புதுப் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

ஜாய்சனுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

"பெர்கன்ல இதான் வழக்கம். எனக்கே போன புதுசுல தெரியாது. நம்மூரு மாதிரி காலியா கெடந்த சேர்ல போயி உக்காந்துட்டேன். எதிர்ல இருந்த கிழவனும் கிழவியும் தட்டோட எந்திச்சு வேற மேஜைக்குப் போயிட்டாவ. அதோட விட்டேனா? 'அண்ணாச்சி, இன்னொரு ரொட்டி'ன்னு சத்தம் வேற குடுத்தேன்."

ஜெஸ்லின் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு மானக்கேட்டை எடுத்துவிடலாம் என்று தோன்றியது அவனுக்கு.

"கத்தியையும் முள்கரண்டியையும் தட்டுல சேத்து வச்சா, சாப்பிட்டு முடிச்சாச்சுன்னு அர்த்தமாம். தெரியாம வச்சுட்டு மூக்கைச் சிந்தப் போனேன். திரும்பி வந்து பாத்தா பாதி மீனோட தட்டைக் காணல!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் ஒண்ணு சொல்லணும். என் வேலை..." என்று ஆரம்பித்தாள்.

"கவர்மென்ட் வேலைன்னு அம்மா சொன்னாவ. அதைப் பொறவு பேசுவோம். இப்ப இதைப் பாருங்க." ஜாய்சன் சத்தம் போடாமல் ஒற்றை விரலை லேசாக உயர்த்தினான்.

மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் சீலா மீன் குழம்பு, ஒருவர் கையில் ரசம், இன்னொருவர் கையில் ஒன்றுமே இல்லை, சும்மா ஓடிவந்திருந்தார்.

"கவனிச்சீங்களா? எல்லாம் நாம பழகுற விதத்துல இருக்கு" என்றான். ஜெஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டு இலையைப் பார்த்துக் குனிந்தாள். வெட்கப்படுகிறாள், பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று அவன் கணக்குப் போட்டான்.

கடைசியில் ராஜபாண்டியே கைகட்டி வந்து நின்றார். ஜாய்சன் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய மனுஷன் தோரணையில், "பிரமாதம் அண்ணாச்சி! ஃபாரின்லகூட இப்படிக் கவனிப்பு கெடைக்காது" என்றான்.

ராஜபாண்டி அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஜெஸ்லினைப் பார்த்துப் பவ்யமாகக் கேட்டார்:

"போன மாசம் நீங்க சீல் வச்ச கடைன்னு இப்பம் யாராவது சொல்லுவாவளா, மேடம்?"